அலபாமாவின் மார்ச் 25: பன்னிரண்டு நாற்காலிகள்

அலபாமா மாநிலத்தின் வரலாற்றில் மார்ச் 25 இரண்டு முறை உலகச் செய்தியானது. முதல் முறை 1931-ல், ஒரு சரக்கு ரயிலால். இரண்டாவது முறை 1965-ல், ஒரு நடைப்பயணத்தால். முதல் தேதியில் ஒன்பது கறுப்பினப் பையன்கள் செய்யாத குற்றத்துக்காகக் கைதானார்கள். இரண்டாவது தேதியில் சுமார் 25,000 பேர் வாக்குரிமை கேட்டுத் தலைநகரின் வாசலில் திரண்டார்கள். அன்றிரவே அவர்களுக்கு உதவ வந்த ஒரு பெண்மணி நெடுஞ்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

34 ஆண்டு இடைவெளியில் நடந்த இவற்றைத் தனித்தனிக் கதைகளாகச் சொல்வதே வழக்கம். சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. அது, நீதிமன்றத்தில் ஜூரிகள் உட்காரும் பன்னிரண்டு நாற்காலிகள்.

ஜூரி நமக்கும் பழக்கமாக இருந்த ஏற்பாடுதான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் கலைவாணரையும் குற்றவாளிகள் என்று சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த ஒரு ஜூரி. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு இந்தியாவில் அந்த முறைக்கு இடமில்லாமல் போயிற்று. அமெரிக்காவில் இன்றும் இருக்கிறது. நீதிபதி சட்டத்தை விளக்குவார். குற்றம் நடந்ததா, இவர்தான் செய்தாரா என்று முடிவு சொல்வது ஊரிலிருந்து எடுக்கப்பட்ட பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேரை யார் எடுப்பது? யாரிலிருந்து எடுப்பது? அலபாமாவில் இதற்கு எழுதப்பட்ட விடை ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருந்தன.

பெயின்ட் ராக்கில் நின்ற ரயில்

1931 மார்ச் 25, புதன்கிழமை. டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் போகும் சரக்கு ரயில் ஒன்று அலபாமாவின் வடகிழக்கு மூலை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய காலம். எங்காவது கூலி வேலை கிடைக்காதா என்று இளைஞர்கள் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். கறுப்பர், வெள்ளையர் இருவருமே அப்படித்தான் அலைந்தார்கள்.

அன்று அந்த ரயிலில் இரு தரப்புக்கும் கைகலப்பு மூண்டது. வெள்ளை இளைஞர்கள் சிலர் ஸ்டீவன்சன் என்ற ஊருக்கு அருகே ரயிலிலிருந்து இறக்கப்பட்டார்கள். அவர்கள் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் சொல்ல, தகவல் ரயிலை முந்திக்கொண்டு ஓடியது. பெயின்ட் ராக் ஊரில் துப்பாக்கியேந்திய கூட்டம் ஒன்று ரயிலை மடக்கியது. பெட்டி பெட்டியாகத் தேடி ஒன்பது கறுப்பினப் பையன்களைப் பிடித்துக் கயிற்றால் பிணைத்தார்கள்.

ஹேவுட் பேட்டர்சன், கிளாரன்ஸ் நோரிஸ், சார்லி வீம்ஸ், ஓஸி பவல், யூஜின் வில்லியம்ஸ், ஓலன் மான்ட்கமரி, வில்லி ராபர்சன், ஆண்டி ரைட், அவன் தம்பி ராய் ரைட். மூத்தவனுக்கு இருபதைத் தொடும் வயது. ராய் ரைட்டுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ. நால்வர் சட்டனூகாவிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்கள். மற்ற ஐவர் ஜார்ஜியாக்காரர்கள். ஓலன் மான்ட்கமரிக்குக் கண்பார்வை ஏறக்குறைய இல்லை. வில்லி ராபர்சன் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாத நோயாளி. பெரும்பாலோர் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டதே அன்றைக்குத்தான்.

அதே ரயிலிலிருந்து ஓவரால் அணிந்த இரண்டு வெள்ளைப் பெண்களும் இறங்கினார்கள். ஹன்ட்ஸ்வில் ஊரின் பஞ்சாலைத் தொழிலாளிகளான விக்டோரியா பிரைஸ், ரூபி பேட்ஸ். இந்தப் பையன்கள் எங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். வேலையில்லாமல் திரிந்ததற்காகத் தாங்களே வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் பிறந்த பொய் அது என்பது பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் பலர் தரும் விளக்கம். காரணம் எதுவாயிருந்தாலும், தெற்கு மாநிலங்களில் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பனைக் கொல்ல அந்த ஒரு வாக்கியம் போதும். பையன்களை அடைத்துவைத்த ஸ்காட்ஸ்பரோ சிறையை அன்றிரவே கும்பல் சூழ்ந்தது. ஆளுநர் பெஞ்சமின் மில்லர் தேசியக் காவல் படையை அனுப்பியதால் ஒன்பது பேரும் மறுநாள் காலையைப் பார்த்தார்கள்.

சந்தை நாளில் விசாரணை

பன்னிரண்டே நாளில், ஏப்ரல் 6 திங்கட்கிழமை, விசாரணை தொடங்கிவிட்டது. ஸ்காட்ஸ்பரோவில் மாதத்தின் முதல் திங்கள் சந்தை நாள். சுற்றுவட்டாரம் முழுக்க ஊருக்குள் வந்து நீதிமன்ற வாசலில் நின்றது. பையன்களுக்காக ஆஜரானவர்கள் இருவர். ஒருவர் நிலம், வீடு சம்பந்தப்பட்ட வழக்குகள் பார்க்கும் டென்னசி வக்கீல். அலபாமா சட்டமே தனக்குப் பழக்கமில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். இன்னொருவர் எழுபதை எட்டிய உள்ளூர் வக்கீல். கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பேசவே அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

நான்கு நாட்களில் நான்கு விசாரணைகள். ஜூரியில் அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். எட்டுப் பேருக்கு மின்சார நாற்காலி. ராய் ரைட் சிறுவன் என்பதால் ஆயுள் தண்டனை போதும் என்று அரசுத் தரப்பே கேட்டது. ஆனால் ஜூரிகளில் பலர் அவனுக்கும் மரணமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் ஒருமித்த முடிவு எட்டப்படாமல் அந்த விசாரணை மட்டும் கலைந்தது. மற்றவர்களுக்கு ஜூலை 10 நாள் குறிக்கப்பட்டது.

அந்த நாள் தள்ளிப்போகக் காரணம் வெளியுலகம் விழித்துக்கொண்டது. கம்யூனிஸ்டுகளின் சட்ட உதவி அமைப்பான சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு வழக்கைக் கையிலெடுத்தது. யார் நடத்துவது என்பதில் அதற்கும் கறுப்பின மக்களின் பழைய உரிமை அமைப்பான என்ஏஏசிபிக்கும் பெரும் இழுபறி நடந்தது. ரைட் சகோதரர்களின் தாய் அடா ரைட் 1932-ல் ஐரோப்பாவில் நாடு நாடாகப் போய்க் கூட்டங்களில் தோன்றினார்.

1932 நவம்பர் 7-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. எழுதியவர் ஜார்ஜ் சதர்லாந்து, பழமைவாதி என்று பெயர் பெற்ற நீதிபதி. உயிர் போகும் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உருப்படியான வழக்கறிஞர் உதவி தராதது சட்டத்தின் முறையான நடைமுறையை மறுப்பதாகும் என்றது அந்தத் தீர்ப்பு. பவல் எதிர் அலபாமா என்ற பெயரில் இன்றும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். எதிர்காலக் கைதிகளுக்கு அது பெரிய வெற்றி. ஒன்பது பையன்களுக்குக் கிடைத்தது மறுவிசாரணை மட்டுமே.

சிவப்புக் கோட்டின் மேல் எழுதிய பெயர்கள்

மறுவிசாரணை 1933-ல் டெகேட்டர் நகரில் நடந்தது. இம்முறை பையன்களுக்காக வந்தவர் நியூயார்க்கின் சாமுவேல் லீபோவிட்ஸ், அந்நாளில் குற்றவியல் வழக்குகளில் அசைக்க முடியாத வக்கீல். நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன், அலபாமாவின் பழைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். சம்பவத்தன்றே பெண்களைப் பரிசோதித்த மருத்துவர், அவர்கள் பதற்றமில்லாமல் இருந்தார்கள், நாடித்துடிப்பு இயல்பாக இருந்தது என்று சாட்சி சொன்னார். அதைவிடப் பெரிய திருப்பமாக ரூபி பேட்ஸே எதிர்த் தரப்புக் கூண்டில் ஏறி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் மறுபடியும் பேட்டர்சனுக்கு மரணம் என்றார்கள்.

ஹார்ட்டனால் அதை விழுங்க முடியவில்லை. 1933 ஜூன் 22 அன்று, ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஜூரியின் முடிவைத் தள்ளுபடி செய்தார். அடுத்த ஆண்டு நீதிபதி பதவிக்கான தேர்தலில் தோற்றார். பிறகு நீதிபதி நாற்காலிக்கு அவர் திரும்பவே இல்லை. வழக்கு வில்லியம் காலகன் என்ற வேறொரு நீதிபதியிடம் போனது. பேட்டர்சனுக்கும் நோரிஸுக்கும் மீண்டும் மரண தண்டனை.

இங்கேதான் லீபோவிட்ஸ் நாற்காலிகளைப் பற்றிக் கேட்டார். அலபாமா சட்டப்படி ஜூரிப் பட்டியலைத் தயாரிப்பது அதற்கென்று நியமிக்கப்பட்ட குழு. நேர்மையும் அறிவும் நல்ல பெயரும் உள்ள ஆண்களைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. கறுப்பர் கூடாது என்று விதியில் ஓரெழுத்தும் இல்லை. ஆனால் ஸ்காட்ஸ்பரோ அடங்கிய ஜாக்சன் கவுன்ட்டியில் ஒரு கறுப்பர் ஜூரியில் உட்கார்ந்ததை வயதில் மூத்த சாட்சிகளும் பார்த்ததில்லை. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், தேவாலயப் பொறுப்பாளர்கள் என்று கறுப்பினப் பெரியவர்களை வரிசையாகக் கூண்டில் ஏற்றினார் லீபோவிட்ஸ். இவர்களில் ஒருவருக்குக்கூடவா நேர்மையும் அறிவும் இல்லை என்பதுதான் அவர் கேள்வி.

பதிலுக்கு அரசுத் தரப்பு ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்தது. அதில் சில கறுப்பர்களின் பெயர்கள் இருந்தன! ஆனால் ஒவ்வொரு பகுதியின் பட்டியல் முடிவிலும் குமாஸ்தா ஏற்கெனவே சிவப்பு மையில் கோடு இழுத்து முடித்திருந்தார். கறுப்பர்களின் பெயர்கள் அந்தக் கோட்டை ஒட்டி, அதன் மேலேறி எழுதப்பட்டிருந்தன. கோடு போட்ட பிறகு செருகியவை என்று கையெழுத்து நிபுணர் சொன்னார். காலகன் ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது லீபோவிட்ஸ் அந்தப் பதிவேட்டையே வாஷிங்டனுக்கு எடுத்துச் சென்றார். தலைமை நீதிபதி சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த நீதிபதியிடம் கொடுத்தார். 1935 ஏப்ரல் 1-ல் தீர்ப்பு வந்தது. கறுப்பர்களைத் திட்டமிட்டு ஜூரியிலிருந்து ஒதுக்கியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார் ஹியூஸ்.

அலபாமா இதற்கும் வழி கண்டுபிடித்தது. 1936 ஜனவரியில் பேட்டர்சனின் நான்காவது விசாரணைக்கு அழைக்கப்பட்டோர் பட்டியலில் கறுப்பர்களும் இருந்தார்கள். சிலர் தாங்களே விலக்குக் கேட்டுப் போய்விட்டார்கள். அந்த ஊரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன் வீடு போய்ச் சேர வேண்டுமே. மிச்சமிருந்தவர்களை அரசு வழக்கறிஞர் காரணம் சொல்லாமல் நீக்கினார். வழக்கறிஞர்களுக்கு அந்த உரிமை சட்டத்திலேயே உண்டு. பட்டியலில் கறுப்பர் இருந்தார்கள், நாற்காலியில் இல்லை. பேட்டர்சனுக்கு 75 ஆண்டுச் சிறை.

1937 ஜூலையில் நால்வர் மீதான வழக்கை அரசே கைவிட்டது. விக்டோரியா பிரைஸ் விடாமல் சொன்ன அதே கதையின் பேரில் மற்ற நால்வருக்குத் தண்டனை. ஓஸி பவல் மீதான அந்தக் குற்றச்சாட்டு விலக்கப்பட்டு, காவலரைத் தாக்கிய வழக்கில் 20 ஆண்டு கிடைத்தது. நோரிஸின் மரண தண்டனை 1938-ல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. பேட்டர்சன் 1948-ல் சிறைப் பண்ணையிலிருந்து தப்பி மிச்சிகன் போனார். அவரைத் திருப்பி அனுப்ப மிச்சிகன் ஆளுநர் மறுத்துவிட்டார். பரோலில் வந்த நோரிஸ் 1946-ல் மாநிலத்தை விட்டே ஓடி, சகோதரர் பெயரில் வாழத் தொடங்கினார். கடைசியாக 1950-ல் ஆண்டி ரைட் வெளியே வந்தபோது, பெயின்ட் ராக்கில் ரயில் நின்று 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஐந்தாம் நாள், ஐம்பத்துநான்காவது மைல்

1965 மார்ச் 25, வியாழக்கிழமை. மாநிலத்தின் வடக்கு மூலையை விட்டுவிட்டு நடுப்பகுதிக்கு வருவோம். நம்மூர்க் கரிசல்போல மண் கறுத்த பருத்திச் சீமை இது. அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த பிரதேசம். செல்மா நகரிலிருந்து தலைநகர் மான்ட்கமரிக்கு 54 மைல். இடையில் லௌண்டஸ் கவுன்ட்டி. அங்கே மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கு கறுப்பினத்தவர். 1965 பிறந்தபோது அங்கே வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

1901-ல் எழுதப்பட்ட அலபாமா அரசியல் சாசனம் செய்த வேலை அது. வாக்குரிமைக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, பதிவு அதிகாரியின் விருப்பம் என்று சல்லடைகள். கறுப்பர் என்ற சொல்லே அந்த விதிகளில் வேண்டியிருக்கவில்லை. ஜூரிப் பட்டியலின் அதே உத்தி.

அந்த மார்ச்சும் அதற்கு முந்தைய மாதமும் ரத்தம். பிப்ரவரியில் மேரியன் ஊரில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை மாநிலக் காவலர் சுட்டார்; எட்டு நாள் கழித்து அவர் இறந்தார். அதைக் கண்டித்து மார்ச் 7-ல் செல்மாவிலிருந்து கிளம்பிய சுமார் 600 பேரை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் குதிரைகளாலும் அடித்து விரட்டினார்கள். அன்றிரவு அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது.

மறுநாள், மார்ச் 8. இந்தத் தேதியைக் கவனிப்பவர்கள் குறைவு. அன்று உச்ச நீதிமன்றம் ஸ்வெயின் எதிர் அலபாமா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டல்லடேகா கவுன்ட்டியில் ஒரு கறுப்பின இளைஞருக்கு மரண தண்டனை. ஜூரிக்கு அழைக்கப்பட்ட கறுப்பர்களில் ஆறு பேரை அரசு வழக்கறிஞர் காரணம் சொல்லாமல் நீக்கியிருந்தார். 1950 வாக்கிலிருந்து அந்தக் கவுன்ட்டியில் ஒரு கறுப்பர்கூட ஜூரியாக உட்காரவில்லை. ஒரு வழக்கில் இப்படி நீக்கியதை மட்டும் வைத்துப் பாகுபாடு என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். 1936-ல் பேட்டர்சனுக்குச் செய்த அதே வித்தை, 1965-ல் உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு தப்பியது. அதை அந்த நீதிமன்றம் திருத்திக்கொள்ள மேலும் 21 ஆண்டுகள் ஆயின.

பாலத்துக்குத் திரும்புவோம். மத்திய அரசின் மாவட்ட நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் மார்ச் 17-ல் நடைப்பயணத்துக்கு அனுமதி தந்தார். 21-ம் தேதி ஞாயிறன்று மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். லௌண்டஸில் சாலை இருவழியாகச் சுருங்கும் இடத்தில் 300 பேர் மட்டுமே நடக்கலாம் என்பது நீதிமன்ற நிபந்தனை. மழையிலும் சேற்றிலும் அந்த 300 பேர் நடந்தார்கள். அலபாமாவின் தேசியக் காவல் படையை அதிபர் ஜான்சன் தன் பொறுப்பில் எடுத்துக் காவலுக்கு நிறுத்தினார். 24-ம் தேதி இரவு மான்ட்கமரி எல்லையில் செயின்ட் ஜூட் வளாகத்தில் தங்கல். ஹாரி பெலஃபான்டே ஏற்பாட்டில் நினா சிமோன், சாமி டேவிஸ், ஜோன் பயஸ் எல்லாரும் வந்து பாடினார்கள்.

மறுநாள் காலை கூட்டம் 25,000 ஆகப் பெருகி டெக்ஸ்டர் அவென்யூவில் ஏறியது. தெருவின் உச்சியில் கேப்பிட்டல் கட்டடம். அன்று சட்டமன்றமும் ஆளுநர் அலுவலகமும் அங்கேதான் இருந்தன. 1861-ல் அடிமை மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்றது அதன் முகப்பில்தான். 1963-ல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் இனப்பிரிவினை என்றென்றும் இருக்கும் என்று சூளுரைத்ததும் அங்கேயே. ஒரு தெரு கீழே, கிங் 1954 முதல் 1960 வரை போதகராக இருந்த சிறிய செங்கல் தேவாலயம். இந்தியா வந்து கன்னியாகுமரி வரை போய்த் திரும்பிய கையோடு, 1959 மார்ச் மாதத்தில் காந்தியைப் பற்றியும் உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தைப் பற்றியும் கிங் சொற்பொழிவாற்றியது அந்தத் தேவாலயத்தில்தான்.

கேப்பிட்டல் படிகளில் ஏற அனுமதியில்லை. தெருவில் ஒரு டிரெய்லரை நிறுத்தி மேடையாக்கினார்கள். ரோசா பார்க்ஸும் ஜான் லூயிஸும் ரால்ஃப் பஞ்ச்சும் இருந்தார்கள். இன்னும் எத்தனை நாள் என்று கிங் திரும்பத் திரும்பக் கேட்டு, அதிக நாள் இல்லை என்று பதில் சொன்ன முடிவுப் பகுதியே பலருக்கும் நினைவிருக்கிறது. உரையின் நடுப்பகுதி அதற்குக் குறைந்ததல்ல. இனப்பிரிவினை ஆதியிலிருந்தே வந்த வெறுப்பல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஏழை வெள்ளையரும் ஏழைக் கறுப்பரும் ஒன்றுசேர்ந்து வாக்களித்துவிடுவார்களோ என்று அஞ்சிய பணக்காரர்கள் வகுத்த அரசியல் தந்திரம் என்று கிங் அங்கே விளக்கினார். வயிற்றுக்கில்லாத வெள்ளையனுக்குத் தின்னக் கொடுத்தது சாதிப்பெருமை என்பது அவர் வாதம். 1931-ன் சரக்கு ரயிலில் வேலை தேடிப் போன இரு தரப்புப் பஞ்சைகளையும் நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் அந்தக் கைகலப்பின் பொருள் புரியும்.

வாக்குரிமை கேட்டு வந்தவர்களின் மனுவை வாங்க வாலஸ் அன்று யாரையும் சந்திக்கவில்லை. ஜன்னல் மறைப்பை விலக்கிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெடுஞ்சாலை 80

கூட்டம் கலைந்தது. வெளியூர்க்காரர்களைச் செல்மாவுக்கும் விமான நிலையத்துக்கும் கொண்டுவிட்ட தன்னார்வலர்களில் ஒருவர் வயோலா லியூசோ. வயது 39, வெள்ளை இனத்தவர், டெட்ராய்ட்டிலிருந்து தன் காரிலேயே வந்தவர். ஐந்து குழந்தைகளின் தாய். கணவர் தொழிற்சங்கப் பொறுப்பாளர். இரவு அவர் செல்மாவில் ஆட்களை இறக்கிவிட்டு மான்ட்கமரி திரும்பும்போது, பக்கத்து இருக்கையில் லீராய் மோட்டன் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞர் இருந்தார். வெள்ளைப் பெண், கறுப்பின ஆண், ஒரே கார். வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் நால்வர் விரட்டி வந்தார்கள். லௌண்டஸ் கவுன்ட்டியில் காரை நெருங்கிச் சுட்டார்கள். லியூசோ அங்கேயே இறந்தார். கொலையாளிகள் திரும்பி வந்து பார்த்தபோது மோட்டன் செத்தவர்போலக் கிடந்து தப்பினார்.

மறுநாளே அதிபர் தொலைக்காட்சியில் தோன்றிக் கைதுகளை அறிவித்தார். அவ்வளவு வேகம் எப்படி? நால்வரில் ஒருவரான கேரி தாமஸ் ரோ, எஃப்பிஐயிடம் பணம் வாங்கும் உளவாளி. தன் ஆளே அந்தக் காரில் இருந்தது சங்கடம் என்பதால், செத்துப்போன பெண்ணின் நடத்தையைப் பற்றி அவதூறு பரப்பியது எட்கர் ஹூவரின் எஃப்பிஐ.

நால்வரில் இன்னொருவரான கோலி லீராய் வில்கின்ஸின் விசாரணை லௌண்டஸ் கவுன்ட்டியின் ஹேன்வில் நீதிமன்றத்தில் நடந்தது. பன்னிரண்டு வெள்ளை ஆண்கள். மே மாதத்தில் ஒருமித்த முடிவு வரவில்லை. அக்டோபரில் மறுவிசாரணை. மாநில அட்டர்னி ஜெனரல் ரிச்மண்ட் ஃபிளவர்ஸ் தானே வாதாட வந்தார். ஜூரிக்கு வந்தவர்களை அவர் கேள்வி கேட்டபோது, கறுப்பரைவிட வெள்ளையர் உயர்ந்தவர் என்று நம்புவதாகப் பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர்களை நீக்கக் கேட்டார். மாநில உச்ச நீதிமன்றம் வரை போயும் நடக்கவில்லை. அக்டோபர் 22 அன்று வில்கின்ஸ் விடுதலை. அதற்குச் சில வாரங்கள் முன்பு அதே ஹேன்வில்லில், ஜொனத்தன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவரைச் சுட்டுக் கொன்றவரும் விடுதலையாகியிருந்தார்.

ஸ்காட்ஸ்பரோவில் வெள்ளை ஜூரி நிரபராதிகளைக் குற்றவாளிகளாக்கியது. ஹேன்வில்லில் வெள்ளை ஜூரி கொலைகாரர்களை வீட்டுக்கு அனுப்பியது. இரண்டும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள்.

கடைசியில் தண்டனை வாங்கித் தந்தது மத்திய அரசின் வழக்கு. இப்படிப்பட்ட கொலைக்கு அன்று மத்திய சட்டம் இல்லை; குடிமக்களின் உரிமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்று 1870-ன் பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். நீதிபதி, நடைப்பயணத்துக்கு அனுமதி தந்த அதே ஃபிராங்க் ஜான்சன். 1965 டிசம்பர் 3-ல், உளவாளி ரோ நீங்கலாக, மூவருக்கும் பத்தாண்டுச் சிறை. அந்த ஜூரியிலும் அத்தனை பேரும் வெள்ளை ஆண்களே என்பதையும் சொல்லியாக வேண்டும். மனிதர்கள் மாற முடியும். ஆனால் நீதி ஒருவரின் மனமாற்றத்தை நம்பி இருக்க முடியாது.

நாற்காலிகள் திறந்தபோது

இரண்டு மாதம் கழித்து, 1966 பிப்ரவரியில், அடைப்பு உடைந்தது. லௌண்டஸின் கறுப்பினக் குடிமக்கள் தொடுத்த வைட் எதிர் குரூக் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட மத்திய நீதிமன்றம், அந்தக் கவுன்ட்டியின் ஜூரித் தேர்வு சட்டவிரோதம் என்றது. அதே தீர்ப்பில், பெண்கள் ஜூரியாகக் கூடாது என்ற அலபாமா சட்டத்தையும் செல்லாததாக்கியது. ஆம், அதுவரை அலபாமாவில் எந்த நிறத்துப் பெண்ணும் ஜூரியாக உட்கார முடியாது. லியூசோ உயிரோடு அந்த ஊரில் குடியிருந்தாலும் அவருக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்காது.

நாற்காலி கிடைத்தால் நீதியும் உடனே கிடைத்துவிடுமா? 1966 செப்டம்பரில் லியூசோ கொலைக்காக யூஜின் தாமஸ் ஹேன்வில்லில் விசாரிக்கப்பட்டபோது ஜூரியில் எட்டுப் பேர் கறுப்பர். அந்த ஜூரியும் அவரை விடுவித்தது. சாட்சியங்கள் வலுவாக இல்லாத வழக்கில் நாற்காலிகள் மட்டும் என்ன செய்யும்?

வாக்குச்சீட்டு வேகமாக வேலை செய்தது. 1965 ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. பூஜ்யத்தில் இருந்த லௌண்டஸில் கறுப்பர்கள் தங்களுக்கென ஒரு கட்சி தொடங்கி, கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்தார்கள். பின்னாளில் கலிஃபோர்னியாவில் பிறந்த பிளாக் பாந்தர் கட்சி அந்தச் சின்னத்தை எடுத்துக்கொண்டது. 1970-ல் லௌண்டஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஹியூலெட் லௌண்டஸ் கவுன்ட்டியின் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இரண்டு மார்ச் 25-களையும் தன் கையால் தொட்ட மனிதர்களில் ஒருவர் ஜார்ஜ் வாலஸ். 1976 அக்டோபரில், தலைமறைவாக முப்பதாண்டு வாழ்ந்த கிளாரன்ஸ் நோரிஸுக்கு மன்னிப்பு வழங்கும் உத்தரவில் கையெழுத்திட்டவர் அவர்தான். மாநிலத்தில் கறுப்பர்கள் பெருமளவில் வாக்களிக்கத் தொடங்கிப் பத்தாண்டு ஆகியிருந்தது. 1995-ல் செல்மா நடைப்பயணத்தின் 30-ம் ஆண்டு நினைவில், சக்கர நாற்காலியில் செயின்ட் ஜூட்டுக்கு வந்து பழைய நடையாளிகளின் கைகளைப் பற்றிக்கொண்டார். மனம் மாறினாரா, வாக்கு எண்ணிக்கை மாற்றியதா என்று அலபாமாவில் இன்றும் விவாதம் உண்டு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும், வாக்குரிமை இல்லாத 1931-ல் இருந்த எந்த ஆளுநருக்கும் அப்படி ஒரு சங்கடம் வந்ததில்லை.

2013 இந்த இரண்டு கதைகளுக்கும் ஒரே ஆண்டில் கணக்கு முடித்தது. இறந்தவர்களுக்கும் மன்னிப்பு வழங்க வழிசெய்யும் சட்டத்தில் ஆளுநர் ராபர்ட் பென்ட்லி ஏப்ரலில், ஸ்காட்ஸ்பரோவிலேயே கையெழுத்திட்டார். நவம்பர் 21-ல் பேட்டர்சன், வீம்ஸ், ஆண்டி ரைட் ஆகியோருக்கு மன்னிப்பு வந்தது. ஒன்பது பேரில் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, ஜூன் 25-ல், அலபாமாவின் ஷெல்பி கவுன்ட்டி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை எடுத்துவிட்டது. பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற ஏற்பாடு அன்றோடு செயலிழந்தது.

82 ஆண்டுகள் கழித்து இறந்தவர்களுக்கு நீதி, அதே ஆண்டில் உயிரோடு இருப்பவர்களின் பாதுகாப்பு பறிபோவது. அலபாமாவின் வரலாறு நேர்க்கோட்டில் முன்னேறியதாகச் சொல்பவர்கள் இந்த ஓராண்டை விட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஜூரி நாற்காலியும் வாக்குச்சாவடியும் ஒரு முறை திறந்தால் என்றைக்கும் திறந்தே இருக்கும் கதவுகள் அல்ல. திறந்து வைத்திருக்கும் வேலை ஒவ்வொரு தலைமுறைக்கும் மிச்சம் இருக்கிறது.

அடுத்த பகுதியில்: டென்னசி, ஆகஸ்ட் 18. தாய் எழுதிய ஒரு கடிதத்தால் ஓர் இளம் உறுப்பினர் வாக்கை மாற்றிப்போட, அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த நாள்.

(தொடரும்)